படம் எடுத்தவரின் பங்கு

1984ஆம் ஆண்டு நியூயார்க்கில் எழுதப்பட்ட ஒரு லைசென்ஸ் சீட்டை, இசைக் கலைஞர்களைப் படமெடுக்கும் எவரும் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் என்ற போட்டோகிராபர் 1981இல் தன் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கான சீட்டு அது. ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகை கேட்டது. கோல்ட்ஸ்மித்தின் ஏஜென்சி கொடுத்தது. தொகை 400 டாலர். ஓவியர் ஒருவர் அதைப் பார்த்து வரைந்துகொள்ளலாம். வரைந்த ஓவியம் முழுப் பக்க அளவில் ஒருமுறை, கால் பக்க அளவில் ஒருமுறை அச்சாகலாம். வேறு எதற்கும் அனுமதி இல்லை.

தொகையைவிட அந்த நிபந்தனைகளைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன். கோல்ட்ஸ்மித் படத்தை விற்கவில்லை. வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுகிறவரைப்போல, எந்தப் பக்கத்தில், எந்த அளவில், எத்தனை முறை என்று அளந்து விட்டிருக்கிறார். இப்படி எழுதும் தெம்பு அந்தத் தொழிலுக்கு வந்து சேர நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. வந்த தெம்பு எப்படிக் கரைந்தது என்பதுதான் என்னை இதை எழுதவைக்கிறது.

வில்லியம் காட்லீப் 1930களின் கடைசியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் வாராவாரம் ஜாஸ் பற்றி எழுதியவர். இரவு நேரக் கிளப்புக்குப் போட்டோகிராபரை அனுப்பிக் காசு செலவழிக்கப் பத்திரிகைக்கு விருப்பமில்லை. காட்லீப் தானே ஒரு ஸ்பீட் கிராஃபிக் கேமரா வாங்கிப் பழகிக்கொண்டார். ஃபிலிமும் பளிச்சிடும் பல்பும் விலை அதிகம் என்பதால் ஓர் இரவுக்கு மூன்று நான்கு தடவைதான் ஷட்டரை அழுத்துவார். எழுத்துக்குச் சம்பளம் உண்டு. படத்துக்குத் தனியாக எதுவும் கிடையாது. 1940களிலும் தொடர்ந்த அந்தச் சில்லறை இரவுகளில்தான் பில்லி ஹாலிடே கண்மூடிப் பாடும் படமும், சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வாசிக்கும் படங்களும் கிடைத்தன. 1948இல் அவர் ஜாஸை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஹெர்மன் லெனார்டின் கதையும் ஏறக்குறைய இதேதான். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 1948இல் சிறிய ஸ்டூடியோ வைத்தார். கிளப் முதலாளியிடம் போய், வாசலில் மாட்டிக்கொள்ளப் படம் தருகிறேன், ஒத்திகையின்போது உள்ளே விடுங்கள் என்பார். நுழைவுச் சீட்டுதான் கூலி. அந்த நெகட்டிவ்கள் பிற்காலத்தில் அவர் கட்டிலுக்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1988இல் லண்டனில் கண்காட்சி வைத்தபோதுதான் அவை என்னவென்று உலகுக்குத் தெரிந்தது.

இவர்கள் இருவருக்கும் பேசி வாங்கிய உரிமை என்று ஒன்றும் இல்லை. நெகட்டிவ் மட்டும் கையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை என்பதால்தான் இருந்தது. ஜாஸ் படத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்தும் சந்தை இருக்கும் என்று அன்று எந்தப் பத்திரிகையும் ரெக்கார்டு கம்பெனியும் நினைக்கவில்லை. அலட்சியமே போட்டோகிராபருக்குப் பாதுகாப்பாக அமைந்த காலம் அது. இன்று அந்த அலட்சியம் எங்கும் இல்லை.

ஆல்ஃப்ரெட் வெர்தைமர் 1956இல் எல்விஸ் பிரெஸ்லியை எடுத்ததும் அந்த வகைதான். ஆர்.சி.ஏ. ரெக்கார்டு கம்பெனியின் விளம்பரப் பிரிவு கேட்டுக்கொண்டது. எல்விஸுக்கு 21 வயது. அமெரிக்கா முழுக்க இன்னும் தெரியாத முகம். வெர்தைமர் சொன்ன வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடவில்லை. தானாகவே ரிச்மண்ட் நகரக் கச்சேரிக்கும், ரெக்கார்டிங்குக்கும், மெம்பிஸில் எல்விஸின் வீட்டுக்கும் கூடவே போனார். மாடிப்படி ஓரத்தில் எல்விஸ் ஒரு பெண்ணோடு நாக்கு நுனியைத் தொட்டு விளையாடும் படம் அந்தப் பயணத்தில் எடுத்ததுதான். அதன்பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தப் படங்களைக் கேட்டு யாரும் வரவில்லை. 1977 ஆகஸ்டில் எல்விஸ் இறந்தார். போன் அடிக்கத் தொடங்கியது. வெர்தைமர் 2014இல் இறக்கும்வரை அது நிற்கவில்லை. 1956இல் நெகட்டிவ்களைச் சேர்த்துக் கம்பெனியிடம் கொடுத்திருந்தால் அந்த அழைப்புகள் வேறு யாருக்கோ போயிருக்கும்.

தற்செயலாக இருந்ததை முதன்முதலில் நிபந்தனையாகக் கேட்டவர்களில் பேரன் வோல்மனை முதலில் சொல்வேன். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ரோலிங் ஸ்டோன்’ தொடங்கியபோது பத்திரிகையிடம் பணம் இல்லை. வோல்மன் ஒரு யோசனை சொன்னார்: சம்பளம் வேண்டாம், ஃபிலிமுக்கும் கழுவுவதற்கும் ஆகும் செலவைக் கொடுங்கள், எடுத்த படங்கள் எல்லாம் என்னுடையவை. ஆசிரியருக்கு அப்போது அது லாபமான பேரமாகத்தான் தெரிந்திருக்கும். ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்லினும் மேடையில் இருந்த நாட்கள் அவை. அந்த ஒரு வாக்குறுதியின் பலனாக வோல்மன் 2020இல் இறக்கும்வரை தன் படங்களுக்குத் தானே முதலாளி. இந்தத் தொழிலில் நடந்த பேரங்களில் இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியாது. சம்பளத்தை விட்டுக்கொடுத்தாவது உரிமையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு முப்பது வயதுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

அதே ஊர்க்காரர் ஜிம் மார்ஷல் முரட்டு ஆள். எல்லா இடத்துக்கும் போகவிட்டால் படமெடுப்பேன், தடுத்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்வார். சான் குவென்டின் சிறையில் 1969இல் ஜானி கேஷ் நடுவிரலைக் காட்டும் படம் அவர் எடுத்தது. அந்தப் படம் எத்தனை பனியன்களில் திருட்டுத்தனமாக அச்சாகியிருக்கிறது என்று கணக்கெடுக்க முடியாது. 2014இல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, கிராமி அமைப்பு தன் டிரஸ்டீஸ் விருதை அவருக்குக் கொடுத்தது. பாட்டுக்கான மேடையில் படமெடுத்தவருக்கு ஓர் இடம்.

சட்டமும் இந்தப் பக்கம் சாய்ந்தது. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், காசு கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்றுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்த்தன. 1978 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதைத் திருப்பிப்போட்டது. மாதச் சம்பளக்காரர் அல்லாத போட்டோகிராபர் எடுத்தது, வேறு விதமாக எழுதிக் கையெழுத்திட்டாலொழிய, அவருடையதுதான். பிரிட்டனில் இந்த மாற்றம் 1989 ஆகஸ்டில் வந்தது. கோல்ட்ஸ்மித்தின் 400 டாலர் சீட்டு இந்தப் புதிய சட்டத்தின் பிள்ளை.

அந்தக் காலத்தில் விலை சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. அந்த முறையில் ஒரு நியாயமும் இருந்தது. எடுக்கும் நாளுக்கு ஒரு கூலி. அதற்கு மேல், படம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து ஒரு கட்டணம். உள்பக்கமா, அட்டையா? கால் பக்கமா, முழுப் பக்கமா? எத்தனை பிரதி? அமெரிக்காவில் மட்டுமா, ஐரோப்பாவிலுமா? ஓராண்டுக்கா, ரெக்கார்டு விற்கும்வரையிலா? அதே படத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்றால் அதற்கும் ஒரு விலை. செய்திக்கட்டுரைக்கு வேறு, விளம்பரத்துக்கு வேறு. ஒரே பாடகர், ஒரே முகம், ஒரே நெகட்டிவ். ஆனால் பத்திரிகையின் ஓரத்தில் தபால்தலை அளவில் வரும்போதும், லட்சக்கணக்கில் விற்கும் எல்.பி. அட்டையில் பன்னிரண்டு அங்குலத்துக்கு நிறைந்து வரும்போதும் அது ஈட்டித்தரும் பணம் வேறு வேறு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு படமெடுத்தவருக்கு. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி கேட்கும்போது நாம் சொல்வதும் இதையேதான்.

1980களிலேயே கதவு மெல்ல மூடத் தொடங்கிவிட்டது. முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் படமெடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது என்ற வழக்கம் பரவியது. வியர்வை வழியாத, சிகை கலையாத பாடகர்தான் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பது மேனேஜர்களின் எண்ணம். பதினைந்து நிமிடத்தில் மேடை முன்னாலிருந்து வெளியேற்றப்படும் போட்டோகிராபர், எல்விஸோடு ரயிலில் போன வெர்தைமர் எடுத்ததைப்போல் எப்படி எடுப்பார்? பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே வெளிச்சத்தில் எடுக்கும் பத்துப் படங்களுக்குத் தனித்தனி விலை கேட்கவும் முடியாது. இன்றைய விலைச் சரிவில் பாதி இந்த மூன்று பாட்டு விதியில் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

மீதிப் பாதியை இணையம் செய்தது. 2006இல் கெட்டி இமேஜஸ் நிறுவனம், சில டாலருக்குப் படம் விற்றுக்கொண்டிருந்த ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு மைக்கேல் ஓக்ஸின் பெரும் இசைப் படக் களஞ்சியமும் அதனிடம் வந்தது. விளம்பரம் முதலியவற்றுக்கான படங்களில், பயன்பாட்டை அளந்து விலை சொல்லும் பழைய முறையைக் கைவிடுவதாக 2019இல் கெட்டி அறிவித்தது. ஒருமுறை பணம் கட்டினால் போதும், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற முறைதான் இனி. மேலே நான் அடுக்கிய கேள்விகளை எல்லாம் கேட்க ஆள் இல்லாமல் போனது.

அடுத்தது ஒப்பந்தத் தாள். கச்சேரிக்கு உள்ளே போகும் முன் வாசலில் நீட்டுவார்கள். எடுக்கும் படங்களை ஒரே ஒரு பத்திரிகையில், ஒரே ஒரு முறைதான் போடலாம். அதற்கு மேல் போட்டோகிராபர் தொடக் கூடாது. கலைஞரின் நிறுவனமோ, இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், எக்காலத்துக்கும், காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளும். 1984இல் போட்டோகிராபர் பத்திரிகைக்கு விதித்த அதே ‘ஒரே முறை’, இப்போது அவர் கழுத்துக்கே திரும்பியிருக்கிறது.

2015 ஜூனில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். புதிய இசைச் சேவையின் மூன்று மாத இலவசக் காலத்தில் கலைஞர்களுக்குப் பணம் தரமாட்டோம் என்பது நியாயமா என்று கேட்டார். ஆப்பிள் உடனே இறங்கிவந்தது. உலகம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, ஜேசன் ஷெல்டன் என்ற பிரிட்டிஷ் போட்டோகிராபர் ஸ்விஃப்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் கச்சேரிக்குப் படமெடுக்க வருகிறவர்களிடம் நீங்கள் கையெழுத்து வாங்கும் தாளில் இருப்பதும் இதே அநியாயம்தானே என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, அமெரிக்கப் பத்திரிகைப் போட்டோகிராபர் சங்கம் முதலியவற்றோடு பேசி, ஸ்விஃப்ட் தரப்பு அந்த ஒப்பந்தத்தைத் திருத்தியது. தன் பாட்டின் விலைக்காகப் போராடத் தெரிந்தவருக்கு மற்றவரின் உழைப்பின் விலையும் எட்டியது என்பதை நான் நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்கிறேன். அதே கோடையில் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் தாளில் கையெழுத்திட மாட்டோம் என்று வாஷிங்டனின் ‘சிட்டி பேப்பர்’ வார இதழ் மறுத்தது. ரசிகர்களிடமிருந்தே படங்களை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்றது. கனடாவின் கியூபெக் நகரிலிருந்து வரும் ‘லு சொலேய்’ நாளிதழ் கச்சேரிக்கு ஓவியரை அனுப்பி வரைந்து போட்டது. பத்திரிகைகள் இவ்வளவு உறுதியாகப் போட்டோகிராபர்களின் பக்கம் நின்றது அரிது.

இதற்கு எதிர்த்திசையிலும் வழக்குகள் வந்தன. பிறர் எடுத்த தன் படத்தைத் தானே இன்ஸ்டாகிராமில் போட்டதற்காகப் பாடகி அரியானா கிராண்டே மீது 2019இலும், துவா லிபா மீது 2021இலும் வழக்கு. என் முகத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். தெருவில் காத்துக் கிடந்து, கேட்காமல் எடுத்த படத்துக்கும், ஸ்டூடியோவில் கலைஞரோடு சேர்ந்து உழைத்து எடுத்த படத்துக்கும் சட்டம் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. எனக்கு அது முழுச் சமாதானம் தரவில்லை. ஆனாலும் படத்துக்குள் இரண்டு பேருடைய உரிமை இருக்கிறது என்பதை அந்த வழக்குகள் பலருக்குக் கற்றுக்கொடுத்தன. ஒன்று எடுத்தவரின் பதிப்புரிமை. மற்றது எடுக்கப்பட்டவர் தன் முகத்தின் மீது வைத்திருக்கும் உரிமை. காட்லீப்பின் படங்களை 1995இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் வாங்கியது. அவர் விருப்பப்படியே 2010 பிப்ரவரியில் அவை பொதுச்சொத்தாயின. பில்லி ஹாலிடே படத்தை இன்று எவரும் கட்டுரையில் போடலாம். பனியனில் அச்சிட்டு விற்கக் கிளம்பினால், அவருடைய வாரிசுகளின் அனுமதி வேண்டியிருக்கலாம். நம் நாட்டிலும் 2024இல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலையும் முகத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

பிரின்ஸ் படத்துக்கு வருவோம். அந்த ஓவியர் ஆண்டி வார்ஹால். அனுமதித்த ஓர் ஓவியத்தோடு நிற்காமல், அந்தப் படத்தை வைத்துப் பதினாறு ஆக்கங்கள் செய்துவிட்டார், கோல்ட்ஸ்மித்துக்குத் தெரியாது. 2016 ஏப்ரலில் பிரின்ஸ் இறந்தபோது, ‘வேனிட்டி ஃபேர்’ நிறுவனம் அதில் ஆரஞ்சு நிற ஓவியத்தை நினைவு மலரின் அட்டையில் போட்டது. வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,250 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு டாலரும் இல்லை, பெயரும் இல்லை. அதே நேரத்தில் ‘பீப்பிள்’ இதழ் அவருடைய இன்னொரு பிரின்ஸ் படத்துக்கு 1,000 டாலர் கொடுத்திருந்தது. கோல்ட்ஸ்மித் ஆட்சேபித்தார், அறக்கட்டளையே முந்திக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் தோற்றார், மேல்முறையீட்டில் வென்றார். 2023 மே 18ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி சோட்டோமயோர் எழுதிய தீர்ப்பின் அடிப்படை எளியது: பிரின்ஸ் பற்றிய பத்திரிகைக் கட்டுரைக்குப் பிரின்ஸ் படம் என்ற ஒரே சந்தையில்தான் இரண்டும் விற்கப்படுகின்றன. ஓவியர் எவ்வளவு பெரியவர் என்றாலும் அந்த உபயோகத்துக்கு மூலப்படத்தின் உரிமையாளரைத் தாண்டிப்போக முடியாது. அந்த அளவுக்கு வழக்கு நின்றதற்கு 1984இல் நிபந்தனைகளை எழுதிவைத்தது ஒரு முக்கியக் காரணம். வாய்மொழியாகக் கொடுத்திருந்தால் கோல்ட்ஸ்மித் எதைக் காட்டியிருப்பார்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறொரு பாதையில் வந்தது. கோயில் திருவிழா நோட்டீஸில் நாகஸ்வர வித்வானின் படத்தைப் பார்த்த தலைமுறைக்குப் ‘பிளாக்’ நினைவிருக்கும். படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகச் செய்து அச்சகம் வைத்துக்கொள்ளும். வித்வானுக்கு நரைத்த பிறகும் அதே இளமை முகம் நோட்டீஸுக்கு நோட்டீஸ் வரும். எடுத்த ஸ்டூடியோக்காரருக்கு முதல் பிரிண்டுக்கான காசோடு கணக்கு முடிந்தது. பழைய கர்நாடக இசை எல்.பி. அட்டைகளைப் புரட்டினால் பக்கவாத்தியக்காரர் பெயர் உண்டு, ராகம் தாளம் உண்டு. படமெடுத்தவர் பெயரைத் தேட வேண்டும். இப்போது அச்சகத்தின் இடத்தில் கூகுள் இருக்கிறது. மார்கழி முழுக்க இருட்டில் நின்று ஒருவர் எடுத்த படம், காலையில் வாட்ஸ்அப்பில் போய், மாலையில் இன்னொரு சபாவின் ஃபிளெக்ஸில் தொங்குகிறது. பாட்டின் ராயல்டி பற்றி இளையராஜா கேட்ட கேள்வியை டீக்கடைவரை விவாதித்த ஊர் இது. படத்தைப் பற்றி அந்த விவாதம் இன்னும் தொடங்கவில்லை.

நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிரிட்டனின் பழைய சட்டத்தை ஒட்டியது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். பிரிட்டன் 1989இல் கைவிட்ட விதி இங்கே இன்றும் இருக்கிறது. ஆகவே சபா சொல்லிக் கூலி வாங்கி எடுத்தவருக்கு அந்தப் படத்தில் உரிமை இல்லை; ஆர்வத்தில் சும்மா போய் எடுத்தவருக்கு இருக்கிறது! 2012 திருத்தம் புகைப்படத்தின் பாதுகாப்புக் காலத்தை எடுத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்று நீட்டியது. நல்லதுதான், ஆனால் உரிமை முதல் நாளே கைமாறிவிட்டால் அந்த அறுபது ஆண்டும் இன்னொருவருக்கு.

இதைச் சரிசெய்யப் பெரிய வக்கீல் தேவையில்லை. “ஒப்பந்தம் இல்லாவிட்டால்” என்று சட்டமே வழி விட்டிருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு மின்னஞ்சல்: படங்களின் பதிப்புரிமை என்னுடையது, இந்த ஆண்டு விழா மலர், இணையதளம், சமூக ஊடகத்துக்கு உங்களுக்கு அனுமதி, ஆல்பம் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் தனிக் கட்டணம், படத்தோடு என் பெயர் வர வேண்டும். சபா செயலாளரிடமிருந்து “சம்மதம்” என்று பதில் வந்த பிறகு கேமராவை எடுக்கலாம். உரிமத்தில் காலம் சொல்லாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆவது, 30ஏ பிரிவுகள் எடுத்துக்கொள்கின்றன. சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் ரசிகர்கள் உள்ள ஒரு பாடகரின் படத்துக்கு அந்த இரண்டு வரிகளையும் நாமே எழுதிவிடுவது நல்லது. உரிமையை ஏற்கெனவே இழந்துவிட்டவர்களுக்கும் 57ஆவது பிரிவு ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. படத்தை எடுத்தவர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமை யாரிடம் போனாலும் அவரிடமே இருக்கும். அடுத்த மார்கழிக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் சபாக்கள் படத்தின் கீழே அந்தப் பெயரைச் சிறிய எழுத்திலாவது போடலாம்; அதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது.